இரண்டு வண்டி சவுடு

பயிர் விஷயத்தில் முனிரத்தினத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். பிச்சாட்டூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருந்த அவருடைய ஊரில், யார் தோட்டத்துக் கத்திரி வாடினாலும், யார் மிளகாய் சுருண்டாலும், கூப்பிடாமலே போய் வரப்பில் நின்றுவிடுவார். ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடி இலை மஞ்சளானால் பசி, நுனி கருகினால் சூடு, சுருண்டால் பூச்சி என்று அங்கேயே தீர்ப்பு வந்துவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பினால், நான் சொன்னபடி நீ எங்கே செய்தாய் என்று பயிர்க்காரன் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஆள் அப்படி.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்தப் புரட்டாசியில் தன் வீட்டுப் புழக்கடையில் நாலு செடிகளுக்கு முன்னால் குந்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். நாலும் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. யாரையும் கூட்டிவந்து காட்டவும் வழியில்லை. அவை கஞ்சாச் செடிகள்.

அவர் கஞ்சா பிடிக்கிறவர் இல்லை. பீடிகூடக் கிடையாது. எல்லாம் அவருடைய பெண்சாதி சுந்தரிக்காக.

சுந்தரிக்கு இடுப்பெலும்பில் ஒரு கட்டி வந்திருந்தது. வாயு என்றார்கள், சூலை என்றார்கள், பற்றுப் போட்டார்கள். கடைசியில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து திருப்பதிக்குப் போனார்கள். திருப்பதி டாக்டர் நல்ல மனுஷர். முனிரத்தினத்தை வராந்தாவுக்குத் தனியாக அழைத்துப் போய், தோளில் கை வைத்துத் தெலுங்கில் சொன்னார். கத்தி வைக்கிற இடமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்றார். வலிக்கு மாத்திரையும் கொடுத்தார். அந்த மாத்திரை அவளுடைய வலிக்கு உறைக்கவே இல்லை.

சுந்தரி வலி வந்தால் கத்துகிறவள் இல்லை. முகத்தைக்கூட அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள். வலது கையை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வாள். விரல் முட்டிகள் வெளுத்துப்போகும். அந்த மூடிய கையை முனிரத்தினம் இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வாயால் சொல்லாததை எல்லாம் அந்தக் கை சொல்லிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் குலுக்கலை அவளால் தாங்க முடியவில்லை. திருச்சானூரிலேயே இறங்கி, கோயில் குளத்தருகே ஒரு மரத்தடியில் அவளைப் படுக்கவைத்தார். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பைராகி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, தன் பையிலிருந்து கறுப்பாக ஒரு லேகிய உருண்டையை எடுத்து அவள் வாயில் போடச் சொன்னான். வேறு நாளாக இருந்தால் முனிரத்தினம் அவனை விரட்டியிருப்பார். அன்றைக்கு விரட்டுகிற தெம்பு அவரிடம் இல்லை.

கோயிலில் உச்சிக்கால மணி அடித்தபோது சுந்தரியின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கை வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. நெற்றி வேர்வை காய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட விட்டாள். அவள் குறட்டை விடுவதை வைத்து ஒரு காலத்தில் முனிரத்தினம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறார். இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு மரத்தில் சாய்ந்துகொண்டு அழுதார்.

பைராகி மிச்ச லேகியத்தை ஓர் இலையில் கட்டிக் கொடுத்தான். கூடவே ஒரு சிட்டிகை விதையும் கொடுத்து, இது தீர்வதற்குள் அதை வளர்த்துக்கொள் என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்லிவிட்டு மலைப்பக்கம் போய்விட்டான்.

மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலம். கள்ளோடு சேர்த்துக் கஞ்சாவையும் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. போதாததற்கு எல்லைத் தகராறு வேறு. இந்த ஊர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று தினம் ஒரு பேச்சு. சங்கிலியும் கொடியும் எடுத்துக்கொண்டு சர்வேக்காரர்கள் வயலுக்கு வயல் அளந்துகொண்டிருந்தார்கள். காக்கி நிஜாரைக் கண்டாலே முனிரத்தினம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிடித்தால் எந்த ராஜ்யத்துப் போலீஸ் பிடிக்கும், எந்த ஊர் ஜெயிலில் போடும் என்றுகூட நிச்சயமில்லாத ஊரில் திருட்டுத்தனமாகச் செடி வளர்ப்பது பெரிய கூத்துதான். ஆனால் ஜெயிலைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. தான் உள்ளே போனால் சுந்தரியைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் இல்லை. ஒரே மகள் வரலட்சுமி சித்தூரில் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அதுதான் பயம்.

விதையை ஓர் உடைந்த பானையில் நல்ல மண்ணில் தூவினார். நாலு முளைத்தன. எடுத்து நடப் புழக்கடையில் இடம் பார்த்தார். ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில் நட்டால் வெளியே தெரியாது. ஆனால் அங்கே முழுக்கச் சுக்கான்கல். குழி வெட்டி வேறு மண் நிரப்பித்தான் ஆகவேண்டும். ஏரிக்குப் போய் மண் வெட்டிவரச் சுந்தரியை விட்டு நகர முடியாது. ஊரில் வண்டி வைத்திருந்தவன் சிட்டிபாபு ஒருத்தன்தான்.

சிட்டிபாபு புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரன். இந்த ஊரில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன். அவனுக்கும் முனிரத்தினத்துக்கும் காப்பிக் கடையில் எல்லைப் பேச்சு முற்றிக் கொஞ்ச நாளாகவே முகம் கொடுத்துப் பேச்சில்லை. நீ பேசுகிற தெலுங்கில் பாதி எங்கள் வார்த்தை, மண்ணும் ஒன்று வார்த்தையும் ஒன்று, அதனால் எல்லாமே மெட்ராஸுக்குத்தான் சேரவேண்டும் என்று முனிரத்தினம் மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தான். இப்போது அவனிடமே போய் நிற்கவேண்டி வந்தது. வாசலில் நின்றபடியே, ரெண்டு பண்டி சவுடு வேணும் என்றார். அவன் சரி என்றான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

மறுநாள் சாம்பல் நிறத்தில், மழையில் நனைந்த மண்ணைச் சுவரோரமாகக் கொட்டிவிட்டுப் போனான். முனிரத்தினம் அப்போது உள்ளே சுந்தரிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்து எருவைக் கலந்து குழிகளை நிரப்பி, நாலு கன்றுகளையும் நட்டார்.

முதலில் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. அப்புறம்தான் மஞ்சள் வந்தது. பசிதான் என்று எருவைக் கரைத்து ஊற்றினார். மஞ்சள் இன்னும் ஏறியது. அவருக்கே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பசி என்றால் அடி இலையல்லவா முதலில் மஞ்சளாகவேண்டும்? இங்கே அடி இலைகள் பச்சையாகவே இருந்தன. உச்சியில் புதிதாக விடுகிற குருத்துதான் வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது, நடுவில் எல்லாம் வெளிறல். ஊரான் பயிரில் இதைக் கண்டிருந்தால் இது பசி இல்லை என்று ஒரே பேச்சில் சொல்லியிருப்பார். தன் செடி என்று வந்தபோது கண்ணும் ஓடவில்லை, புத்தியும் ஓடவில்லை. இதற்குள் பைராகி கட்டிக் கொடுத்த லேகியம் குறைந்துகொண்டே வந்தது. உருண்டையைப் பாதியாக்கினார். அப்புறம் பாதியையும் பாதியாக்கினார். சுந்தரியின் விரல்கள் முன்போல முழுக்க விரியவில்லை.

தாங்க முடியாமல், பக்கத்து வீட்டுக் கமலம்மாவைச் சுந்தரிக்குத் துணையாக உட்கார்த்திவிட்டுப் புத்தூருக்குப் போனார். அங்கே உரக்கடை வைத்திருந்த வேதாச்சலம் திருவள்ளூர்க்காரர், விவசாயப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முனிரத்தினம் கத்திரிச் செடி என்று பொய் சொன்னார். இலையைக் காட்டும்படி கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்று இன்னொரு பொய். அந்த இலையைக் காட்டினால் பார்த்ததும் தெரிந்துவிடுமே. வேதாச்சலம் சலித்துக்கொள்ளாமல் கேட்டார்.

"வெளுக்கறது பழைய எலையா, புது எலையா?"

"புதுசுதான். நரம்பு பச்சையா கீது. நடுவுல பூரா வெளுத்துப் போயிட்டுது."

"அப்ப பசி இல்ல. மண்ணுல உப்பு, சுண்ணாம்பு எதனா இருந்தாத்தான் அப்படி ஆவும். செடி துன்ன முடியாம தவிக்கும். இன்னா மண்ணு போட்டீங்க?"

"சவுடு."

"சவுடா? அதுல இன்னா கொறை இருக்கப் போவுது" என்றார் வேதாச்சலம். மண் நல்ல மண் என்கிறபோது தான் நினைத்தது சரியாக இருக்காது என்று முடிவு செய்து, எதற்கும் அடுப்புச் சாம்பல் கொஞ்சம் தூவிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அத்தனை தூரம் வந்ததற்கு, மேற்கொண்டு திருச்சானூருக்கும் போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். குளத்தருகே யார் யாரோ படுத்திருந்தார்கள். பைராகி இல்லை. அப்படி ஒருத்தனைப் பார்த்ததாகக்கூட யாரும் சொல்லவில்லை.

வீட்டு அடுப்புச் சாம்பல் போதாதென்று கமலம்மா வீட்டுச் சாம்பலையும் கேட்டு வாங்கித் தூவினார். அந்த வாரமே ஒரு செடி நின்றபடி காய்ந்தது. அடுத்தாற்போல இன்னொன்று. சாம்பலைத் தூவின கையாலேயே முனிரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊர்ச் செடிக்கெல்லாம் வைத்தியம் சொன்ன வாய் இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். கோபத்தில் இலைக்கட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே மிளகளவுக்கு இரண்டு உருண்டை கிடந்தது. கட்டின இலையை நக்கினால்கூடக் கொஞ்சம் வரும் என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சுந்தரி மஞ்சள் கேட்டாள். படுத்த படுக்கையானாலும் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசாமல் இருக்கமாட்டாள். முனிரத்தினம் அரைத்துக் கொடுத்தார். அவளே முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டாள். அப்புறம், என்னைக் கொஞ்சம் வெயிலில் விடு, அந்தச் செடியை நானும் ஒரு தரம் பார்க்கிறேன் என்றாள். கயிற்றுக் கட்டிலைப் புழக்கடைக்கு இழுத்துப்போய், அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார். தூக்கும்போது அவள் கனமே இல்லாமல் இருந்தது அவருக்கு என்னவோ செய்தது.

கட்டிலில் இருந்தபடியே குனிந்து, செடியின் அடியில் ஈர மண்ணை ஒரு கை அள்ளினாள். அந்த நேரம் பார்த்து வலி வந்தது. மண்ணோடு சேர்த்துக் கையை இறுக மூடிக்கொண்டாள். வலி கொஞ்சம் இறங்கிக் கை திறந்தபோது, உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

முனிரத்தினம் ரத்தம் என்று நினைத்துக் கையைப் பிடித்துத் துடைக்கப் போனார். சுந்தரி தடுத்தாள். கையை மோந்து பார்த்தாள். அத்தனை வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ரத்தம் இல்லய்யா. மஞ்ச செவந்து கீது. ஆரத்தி கரைக்கறப்ப சுண்ணாம்பு பட்டா செவக்குமே, அது மாதிரி. எங்கம்மா ஊட்டாண்ட துணி வெளுக்கற எடத்துல மிதிச்சா பாதமெல்லாம் இப்படித்தான் ஆவும். இது துணி தொவைக்கற மண்ணுய்யா. இதுலயா செடிய வச்சிக்கினு கீற?"

முனிரத்தினம் விருட்டென்று எழுந்தார். சுவரோரம் மிச்சம் கிடந்த மண்ணைப் போய்ப் பார்த்தார். மழை விட்டு வெயில் காய்ந்ததில் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. இத்தனை நாளாக அது அங்கேயேதான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. போதாததற்கு அதே மண்ணில் நின்ற செடிகளுக்குச் சாம்பலை வேறு போட்டிருக்கிறார், உப்புக் காரத்துக்கு மேல் சாம்பல் காரம்.

கமலம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, மேல்துண்டுகூட இல்லாமல் சிட்டிபாபு வீட்டுக்கு ஓடினார். அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். இன்னா மண்ணுடா கொட்டின என்று அவன் சட்டையைப் பிடிக்கத்தான் போனார். அவன் நிதானமாகக் கேட்டான்.

"சவுடுதானே அண்ணா கேட்டீங்க? மழைக் காலம் வருது, மித்தெக் கூரை ஒழுகுது, மேல பரப்பத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். எங்க பக்கம் ஊட்டு மேல அதான் போடுவோம். புல்லுகூட மொளைக்காது, சொட்டுத் தண்ணி எறங்காது."

முனிரத்தினம் நீட்டின கையை இறக்கினார். அவருக்குச் சவுடு என்றால் ஏரியில் தூர் வாரி எடுக்கிற வண்டல். அவனுக்குச் சவுடு என்றால் உவர் மண். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மண்ணும் ஒன்று வார்த்தையும் ஒன்று என்று மேஜையைத் தட்டினது நினைவுக்கு வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"செடிக்கின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏரி வண்டல் கொண்டாந்திருப்பேனே" என்றான் சிட்டிபாபு. "இன்னா செடி அண்ணா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முனிரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியை, பைராகியை, சுந்தரியின் கையை, எல்லாவற்றையும். சிட்டிபாபு தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வண்டியைப் பூட்டினான். உச்சிக்குள் ஏரி வண்டல் புழக்கடைக்கு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து வேரோடு ஒட்டின மண்ணை விரலால் உதிர்த்து, புளித்தண்ணீரில் அலசி, மிச்சமிருந்த இரண்டு செடிகளையும் புதுக்குழியில் வைத்தார்கள். யார் கேட்டாலும் மித்தெக்கு மண் கொட்டினேன் என்றே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

ஒரு செடி அந்த வேதனையைத் தாங்காமல் போய்விட்டது. இன்னொன்று யோசித்து யோசித்து, ஐப்பசி பிறந்த பிறகு ஒரு குருத்து விட்டது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. முனிரத்தினம் காலையில் எழுந்ததும் சாமி படத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேரே போய் அதைத்தான் பார்த்தார். அது பூ வைக்கவேண்டும். பூவில்தான் சத்து, இளந்தழையில் ஒன்றும் இராது என்று பைராகி அன்றைக்கே சொல்லியிருந்தான். பூ வைக்கக் கார்த்திகையோ மார்கழியோ ஆகும்.

லேகியம் தீர்ந்துபோயிருந்தது. சுந்தரியின் கை இப்போதெல்லாம் திறப்பதே இல்லை. நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகிவிடும் என்று அவர் அந்தக் கைக்குள் துணி சுருட்டி வைத்தார். வரலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் சேதி வந்தது. அன்றைக்குக்கூடச் சுந்தரியால் சிரிக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எனக்கு இது வேண்டும் என்று ஒரு புடவைகூடக் கேட்டு அறியாதவள், ஒரு மத்தியானம் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இனிமே முடியலய்யா. அதுல இருக்கறத பறிச்சிக் குடேன். பூ வர்ற வரைக்கும் நான் இருக்கமாட்டேன்."

முனிரத்தினம் புழக்கடைக்குப் போய்ச் செடிக்கு முன்னால் நின்றார். விட்டுவைத்தால் பிழைக்கும். பிழைத்தால் மார்கழியில் அவளுக்கு ஆகும். மார்கழியில் அவள் இருப்பாளா? இப்போது பறித்தால் செடியும் போய்விடும், அந்த நம்பிக்கையும் போய்விடும், இந்தத் தழையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இது அத்தனையும் அவருக்குத் தெரியும். பயிர் விஷயம் அவருக்குத் தெரியாதா? உள்ளேயிருந்து கட்டில் கயிறு கிறீச்சிட்டது. அவர் ஓர் இலையையும் விடாமல் பறித்தார். வெல்லத்தோடு சேர்த்து இடித்து, லேகியம் மாதிரியே உருட்டி, தலையைத் தாங்கிப் பிடித்து அவள் வாயில் ஊட்டினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுந்தரி கண்ணை மூடினாள். நெற்றிச் சுருக்கம் விலகியது. மூச்சு ஒரே சீராக வந்தது. வாய்கூட லேசாகத் திறந்தது. முனிரத்தினம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பைராகி சொன்னது பொய், இளந்தழையும் வேலை செய்கிறது. சாமியே, செடியை முழுக்க மொட்டை அடித்தது வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் கும்பிட்டார். அவள் குறட்டைகூட விட்டாள்.

விசிறிக் காற்றில் அவள் மேல் போர்த்தியிருந்த புடவை விலகியது. இழுத்து மூடப் போனவர் வலது கையைப் பார்த்தார். முட்டிகள் வெளுத்து, துணிச் சுருளை நெரித்து, கை அப்படியே இறுகி மூடிக் கிடந்தது. தூங்குகிறவளின் கை இல்லை அது. மறுபடியும் ஒரு குறட்டை வந்தது, கொஞ்சம் அதிகச் சத்தமாக.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிட்டிபாபு எட்டிப் பார்த்து, அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கையாலேயே கேட்டான். முனிரத்தினம் விலகின புடவையை அந்தக் கையின் மேல் மெல்ல இழுத்து மூடினார்.

"தூங்கறா" என்றார், அவளுக்கும் கேட்கும்படியாக. "எத்தினியோ நாளுக்கப்பறம் நல்லா தூங்கறா."